எஃப்எஸ்டேப்பில் ஒரே ஒரு வரி: என்எஃப்எஸ் மவுண்டைப் பிரித்துச் சரிசெய்த பதிவு

சர்வர் ஒன்று, அதைப் பயன்படுத்தும் கணினிகள் மூன்று. சர்வரில் லினக்ஸ், இரண்டு ஹார்ட் டிஸ்க், கிகாபிட் இணைப்பு. கணினிகளில் ஒன்று மேசையில் நாள் முழுக்க ஓடுவது. இன்னொன்று ராத்திரி 2 மணிக்கு எழுந்து சர்வரில் பேக்கப் எழுதுவது. மூன்றாவது லேப்டாப், பாதி நேரம் இந்த நெட்வொர்க்கிலேயே இருக்காது. சர்வரின் ஃபோல்டரை நெட்வொர்க் வழியாகச் சொந்த ஃபோல்டர் மாதிரி காட்டும் முறை என்எஃப்எஸ்; அப்படி இணைப்பதுதான் மவுண்ட். எதை எங்கே மவுண்ட் செய்வது என்று கணினிக்குச் சொல்வது எஃப்எஸ்டேப் கோப்பு. மூன்றின் எஃப்எஸ்டேப் கோப்பிலும் எங்கிருந்தோ நகலெடுத்த இதே வரிதான் இருந்தது:

192.168.1.20:/சேமிப்பு /வலை/சேமிப்பு என்எஃப்எஸ் ஆர்டபிள்யூ,வெர்ஸ்=3,சாஃப்ட்,இன்ட்ர்,டைமியோ=30,ரீட்ரான்ஸ்=2,ஆர்சைஸ்=8192,டபிள்யூசைஸ்=8192,நோஏடைம்,நோஏசி 0 0

ஆப்ஷன் பெயர்கள் இங்கே ஒலிப்படி இருக்கின்றன. கோப்பில் ஆங்கிலச் சின்ன எழுத்தில், காற்புள்ளிக்குப் பின் இடைவெளி விடாமல் அடிக்க வேண்டும். இடைவெளி விழுந்தால் மிச்ச ஆப்ஷன்கள் அடுத்த புலத்துக்குப் போய்விடும், மவுண்ட் கட்டளையும் வேறு எதையோ காரணம் சொல்லும்.

கோளாறுகள் நான்கு. சர்வர் அணைந்திருந்தால் மேசைக் கணினி பூட் ஆகும்போது ஒன்றரை நிமிடம் நின்றது. ராத்திரி பேக்கப்பில் முதல் கோப்பு மட்டும் அடிக்கடி 'இன்புட்/அவுட்புட் எரர்' என்று விழுந்தது. பெரிய கோப்புகளை நகலெடுப்பது கிகாபிட் இணைப்புக்குக் கொஞ்சமும் பொருந்தாத வேகத்தில் நடந்தது. லேப்டாப் வெளியே போனால் ஃபைல் மேனேஜர் உறைந்துபோனது.

வரியில் உயிரோடு இருப்பது எது

எதையும் மாற்றும் முன் செய்ய வேண்டியது, எழுதியதில் எவ்வளவு உண்மையில் நடப்பில் இருக்கிறது என்று பார்ப்பது. அதற்கு 'என்எஃப்எஸ்ஸ்டேட் -எம்' போதும். கிளையன்டும் சர்வரும் பேசி முடிவுசெய்த மதிப்புகளை அது அச்சிடும். எஃப்எஸ்டேப்பில் இருப்பது வெறும் விண்ணப்பம்தான்.

அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டதில் வரியின் ஒரு பகுதி செத்த எழுத்து. இன்ட்ர் என்பதை லினக்ஸ் கர்னல் 2.6.25-இலிருந்து கண்டுகொள்வதே இல்லை. கொடுத்தால் பிழையும் வராது, பலனும் இல்லை. நோஏடைம் என்எஃப்எஸ் மவுண்டில் எதையும் மாற்றாது. கடைசியாகப் படித்த நேரத்தை எழுதுவதா வேண்டாமா என்பது சர்வர் பக்கம் அந்த டிஸ்க் எப்படி மவுண்ட் ஆகியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. இரண்டையும் முதல் வேலையாக வெட்டியாயிற்று.

ஆர்சைஸ், டபிள்யூசைஸ் என்பவை ஒரு கோரிக்கையில் படிக்கும், எழுதும் அளவு. 8192 என்பது, என்எஃப்எஸ் யூடிபி என்ற பழைய நெட்வொர்க் முறையில் ஓடிய காலத்து மிச்சம். ஆர்சைஸ், டபிள்யூசைஸ் இரண்டையும் எழுதாமல் விட்டால் இரு பக்கமும் தாங்கக்கூடிய மிகப் பெரிய அளவை அவையே பேசிக்கொள்ளும். லினக்ஸ் கிளையன்டில் அதன் உச்சம் 10,48,576 பைட், அதாவது 1 மெகாபைட். 1 கிகாபைட் கோப்பை 8192 பைட் துண்டுகளாக வாங்கினால் 1,31,072 கோரிக்கை போக வேண்டும்; 1 மெகாபைட் துண்டுகளாக வாங்கினால் 1,024. இரண்டையும் வரியிலிருந்து எடுத்துவிட்டு மறுபடி பார்த்தபோது 'என்எஃப்எஸ்ஸ்டேட் -எம்' 1048576 என்று காட்டியது.

இங்கே ஒரு சறுக்கல். முதல் தடவை 'மவுண்ட் -ஓ ரீமவுண்ட்' கொடுத்துவிட்டு, மாற்றமே தெரியவில்லையே என்று அரை மணி நேரம் சர்வரைக் குடைந்ததுதான் மிச்சம். என்எஃப்எஸ்ஸுக்கே உரிய ஆப்ஷன்களில் ஏறத்தாழ எதையுமே ரீமவுண்டில் மாற்ற முடியாது. ஆர்ஓ, ஆர்டபிள்யூ போன்ற பொது ஆப்ஷன்கள் மட்டும் மாறும். மற்றதற்கு அன்மவுண்ட் செய்து மறுபடி மவுண்ட் செய்தே ஆக வேண்டும்.

டைமியோ: பத்தில் ஒரு பங்கு

பேக்கப் பிழைக்கு வருவோம். டைமியோ என்பது சர்வரின் பதிலுக்குக் காத்திருக்கும் நேரம். டைமியோ=30 என்று எழுதியவர் 30 விநாடி என்று நினைத்திருக்க வேண்டும். அதன் அலகு விநாடியில் பத்தில் ஒன்று. எனவே 30 என்றால் 3 விநாடிதான். டிசிபி (யூடிபிக்குப் பதில் இப்போது பயன்படும் முறை) வழியாகப் போகும்போது ஒவ்வொரு மறுமுயற்சிக்கும் அதே அளவு கூடும். ரீட்ரான்ஸ் என்பது மறுமுயற்சி எண்ணிக்கை. ரீட்ரான்ஸ்=2 என்றால் 3 விநாடியோடு இன்னும் இரண்டு 3 விநாடி சேர்ந்து மொத்தம் 9. அதற்குள் சர்வரிடமிருந்து பதில் வராவிட்டால், சாஃப்ட் மவுண்ட் கைவிட்டு நிரலுக்குப் பிழையைத் திருப்பிவிடும். எதையும் எழுதாமல் விட்டிருந்தால் டிசிபியில் டைமியோ 600, அதாவது 60 விநாடி, மொத்தம் 180.

ராத்திரி 2 மணிக்குச் சர்வரின் டிஸ்க்குகள் தூங்கிக்கொண்டிருக்கும். சுழலாமல் நிற்கும் டிஸ்க் முழு வேகத்துக்கு வரச் சுமார் 10 விநாடி ஆகும். 9 விநாடியில் கிளையன்ட் கைவிடுகிறது, அடுத்த ஓரிரு விநாடியில் டிஸ்க் தயார். அதனால்தான் முதல் கோப்பு மட்டும் விழுந்தது, இரண்டாவதிலிருந்து எல்லாம் ஒழுங்காகப் போயிற்று.

இதைப் பகலிலேயே வரவழைத்துப் பார்க்கலாம். சர்வரில் 'எச்டிபார்ம் -ஒய்' கொடுத்து டிஸ்க்கைத் தூங்கவைத்து, நினைவக கேஷைக் காலிசெய்துவிட வேண்டும். காலிசெய்யாவிட்டால் பதில் ரேமிலிருந்தே வந்து சோதனை வீண். பிறகு கிளையன்டில் 'டைம்' கட்டளையோடு ஒரு புதுக் கோப்பை உருவாக்க வேண்டும். ஒன்பதாவது விநாடியில் பிழை வந்தது. கர்னல் லாகில் 'நாட் ரெஸ்பாண்டிங், டைம்டு அவுட்' என்ற வரி. இதே சோதனையை, பதில் வரும்வரை விடாமல் முயலும் ஹார்டு மவுண்டில் செய்தால் பிழை வராது. 11 விநாடி நின்றுவிட்டுக் கோப்பு உருவானது. சர்வர் இன்னும் நீண்ட நேரம் பேசாமல் இருந்தால் லாகில் 'ஸ்டில் ட்ரையிங்' என்று ஒரு வரி, திரும்பி வந்ததும் 'ஓகே' என்று இன்னொரு வரி. 'டைம்டு அவுட்'டா 'ஸ்டில் ட்ரையிங்'கா என்று பார்த்தாலே அந்த மவுண்ட் சாஃப்டா ஹார்டா என்று சொல்லிவிடலாம்.

தவறான வைத்தியம் இதற்குப் பிறகுதான் நடந்தது. ஹார்டு போட்டால் எல்லாம் உறைந்துபோகும் என்ற பயத்தில் சாஃப்டை அப்படியே வைத்துக்கொண்டு டைமியோவை மட்டும் 100 ஆக்கினேன். கணக்குப்படி 10, 10, 10, மொத்தம் 30 விநாடி. டிஸ்க் எழுந்துகொள்ளப் போதுமானது. முதல் கோப்புப் பிழை நின்றது. ஆனால் பேக்கப் நடுவே சர்வர் அப்டேட்டுக்காக ஒருமுறை ரீஸ்டார்ட் ஆனது. அது திரும்பி வர ஒரு நிமிடத்துக்கு மேல். பேக்கப் ஸ்கிரிப்ட் முடிந்தது, பிழை ஏதும் சொல்லவில்லை. ஷா256 (உள்ளடக்கத்தைச் சரிபார்க்கும் ஹாஷ்) கணக்கிட்டுப் பார்த்தால் ஒரு கோப்பு பொருந்தவில்லை. அதை ஹெக்ஸ்டம்ப்பில் திறந்தால், நடுவே ஒரு வரி முழுக்கச் சுழியங்கள், அதன் கீழே தனியாக ஒரு நட்சத்திரக் குறி. அதே வரி திரும்பத் திரும்ப வருகிறது என்பதற்கு அந்தக் கட்டளை போடும் அடையாளம் அது. கோப்பின் அளவு மட்டும் ஒரு பைட் பிசகவில்லை.

நடந்தது இதுதான். நிரல் எழுதுவது முதலில் கிளையன்டின் நினைவகத்துக்குப் போகிறது. கோப்பை மூடும்போதுதான் மிச்சம் எல்லாம் சர்வருக்குத் தள்ளப்படுகிறது. தள்ளும்போது சில துண்டுகள் நேரம் கடந்து கைவிடப்பட்டன, சர்வர் திரும்பியதும் அடுத்த துண்டுகள் போய்ச் சேர்ந்தன. இடையில் ஓட்டை. பிழைச் செய்தி, கோப்பை மூடும் அழைப்பின் விடையாகத்தான் வந்தது. அந்த விடையைப் பார்க்காத நிரலுக்கு எல்லாம் சுபம். எழுதும் மவுண்டுக்குச் சாஃப்ட் கூடாது என்று என்எஃப்எஸ் கையேடு எச்சரிப்பது இதற்காகத்தான். டைமியோவை ஏற்றுவது ஆபத்தைத் தள்ளிப்போடும், போக்காது.

பேக்கப் கணினிக்கு ஹார்டு, டைமியோ எதுவும் எழுதாமல். அன்று போட்டது அப்படியே இருக்கிறது.

ஹார்டு மீதுள்ள பயம் பாதி பழங்கதை. முன்பு மாட்டிக்கொண்ட நிரலைக் கொல்லவே முடியாது. இப்போது 'கில் -9' வேலை செய்யும். பிஎஸ் பட்டியலில் டி என்ற நிலையில் நிற்கும் நிரலுக்கு அதை மட்டும்தான் கொடுக்க முடியும், மற்ற சிக்னல்கள் செல்லாது.

பூட்டில் காத்திருப்பது

மேசைக் கணினியில் லாகின் திரைக்கு முன் 90 விநாடி. லினக்ஸில் பூட்டையும் சேவைகளையும் நடத்தும் சிஸ்டம்டி ஒரு மவுண்டுக்குக் கொடுக்கும் வழக்கமான கெடு அது. தொலைக் கோப்பு முறைமைகள் எல்லாம் ஏறிய பிறகுதான் பயனர் உள்ளே வர அனுமதி என்று வரிசை இருப்பதால், ஒரு மவுண்ட் நின்றால் லாகினும் நிற்கும்.

முதலில் பழைய பழக்கத்தில் பிஜி ஆப்ஷன் போடப்பட்டது. இது பின்னணியில் போய் முயன்றுகொண்டிருக்கச் சொல்வது. சிஸ்டம்டி இருக்கும் கணினியில் அது அப்படியே நடப்பதில்லை. எஃப்எஸ்டேப்பைப் படிக்கும்போது சிஸ்டம்டி பிஜியைக் கண்டால் கெடுவை முடிவிலியாக்கி, ரீட்ரை=10000 என்றும் நோஃபெயில் என்றும் தானே மாற்றிக்கொள்ளும். ரீட்ரையின் அலகு நிமிடம். 10,000 நிமிடம் என்றால் ஏறத்தாழ ஒரு வாரம். வேலை நடக்கும், ஆனால் பின்னணியில் ஒரு வாரம் முட்டிக்கொண்டிருக்கும் வேலை ஒன்று எதற்கு? அதை எடுத்துவிட்டு நோஃபெயில் மட்டும் போட்டதும் லாகின் உடனே வந்தது.

பேக்கப் கணினியிலும் வேறு பாதுகாப்பு எதுவும் இல்லாமல் அதையே போட்டது பெரிய பிழை. நோஃபெயில் என்றால் மவுண்ட் ஆகாவிட்டாலும் பூட் தொடரும். அப்போது /வலை/சேமிப்பு என்பது கணினியின் சொந்த டிஸ்க்கில் இருக்கும் வெறும் ஃபோல்டர். பேக்கப் ஸ்கிரிப்ட்டுக்கு வித்தியாசம் தெரியாது. சர்வர் இல்லாத ஒரு ராத்திரி அது முழு பேக்கப்பையும் அந்த வெறும் ஃபோல்டருக்குள் எழுதி, ரூட் பார்ட்டிஷனை நூறு சதவீதம் நிரப்பிவிட்டது. காலையில் சர்வர் ஏறி மவுண்ட் ஆனதும் எழுதியதெல்லாம் அதற்கு அடியில் மறைந்துபோனது. டிஸ்க்கின் மிச்ச இடத்தைக் காட்டும் டிஎஃப் நிறைந்திருக்கிறது என்கிறது, ஃபோல்டர்களின் அளவைக் கூட்டும் டியூ போட்டுத் தேடினால் இடத்தைத் தின்ற கோப்பு எங்கும் இல்லை. மவுண்டை இறக்கிப் பார்த்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது.

இதற்கு இரட்டைப் பூட்டு. மவுண்ட் ஆகாத நிலையில் அந்த வெறும் ஃபோல்டருக்கு 'சிஹெச்ஆட்டர் +ஐ' கொடுத்துவிட்டால் ரூட் பயனரால்கூட அதற்குள் எழுத முடியாது. அதன்மேல் மவுண்ட் ஏறுவதற்கு அது தடையில்லை. ஸ்கிரிப்ட்டின் முதல் வரியில் 'மவுண்ட்பாயின்ட் -க்யூ' என்று சோதித்து, மவுண்ட் இல்லையென்றால் வெளியேறச் சொல்ல வேண்டும். முதல் பூட்டு மட்டும் இருந்தாலே போதும்தான். இரண்டாவது, லாகில் காரணம் தெளிவாகப் பதிவாக.

மேசைக் கணினியில் நோஃபெயிலோடு நிற்காமல் எக்ஸ்-சிஸ்டம்டி.ஆட்டோமவுண்ட்டையும் சேர்த்தாயிற்று. ஃபோல்டருக்குள் யாராவது முதலில் நுழையும்போதுதான் மவுண்ட் நடக்கும். கூடவே எக்ஸ்-சிஸ்டம்டி.மவுண்ட்-டைம்அவுட்=15. இது இல்லாவிட்டால், சர்வர் இல்லாத நேரம் ஃபோல்டரைத் தெரியாமல் தொட்டவருக்கு 90 விநாடி தண்டனை. எக்ஸ்-சிஸ்டம்டி.ஐடில்-டைம்அவுட்=600 கொடுத்தால் 10 நிமிடம் யாரும் தொடாதபோது தானே இறங்கிவிடும். இந்த ஆப்ஷனில் எண் விநாடியில். டைமியோ மாதிரி பத்தில் ஒன்று அல்ல. ஒரே வரியில் இரண்டு அலகு! ஏதாவது ஒரு டெர்மினல் அந்த ஃபோல்டருக்குள் நின்றுகொண்டிருந்தால் பத்து மணி நேரமானாலும் இறங்காது, கோளாறு என்று நினைக்க வேண்டாம்.

எஃப்எஸ்டேப்பை மாற்றியதும் 'சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட்' கொடுக்க வேண்டும். எஃப்எஸ்டேப்பிலிருந்து சிஸ்டம்டி தன் யூனிட்களைப் பூட்டிலும் இந்தக் கட்டளையிலும்தான் உருவாக்கும். அதற்கு முன் 'ஃபைண்ட்மவுண்ட் --வெரிஃபை' ஒரு தடவை; எழுத்துப்பிழைகளில் பலதை அங்கேயே பிடித்துவிடும்.

_நெட்டெவ் பற்றி ஒரு குறிப்பு. கோப்பு முறைமை வகை என்எஃப்எஸ் என்று இருந்தாலே இது நெட்வொர்க் சார்ந்தது என்று சிஸ்டம்டிக்குத் தெரியும். அந்த வரிக்கு _நெட்டெவ் தேவையில்லை, இருந்தாலும் கெடுதல் இல்லை. அது உண்மையில் வேண்டியிருந்தது வேறு வரிக்கு. மவுண்டுக்குள் இருந்த படங்கள் ஃபோல்டரை வீட்டு அடைவுக்குள் காட்ட ஒரு பைண்ட் மவுண்ட் இருந்தது. அதன் வகைப் புலத்தில் 'நன்' என்றுதான் இருக்கும். சிஸ்டம்டி அதை உள்ளூர் மவுண்ட் என்று எடுத்துக்கொள்கிறது. உள்ளூர் மவுண்டுகள் எல்லாம் நெட்வொர்க்குக்கு முன்பே ஏற வேண்டும், ஆனால் இது நிற்பது நெட்வொர்க் மவுண்டின் தோளில். லாகில் 'ஆர்டரிங் சைக்கிள்' என்று வந்து, சுற்றை அறுக்க ஏதோ ஒரு வேலையை அது தானே கைவிட்டது. ஒவ்வொரு பூட்டிலும் வேறு வேறு கோளாறு தெரிந்ததற்குக் காரணம் அது. பைண்ட் வரியில் _நெட்டெவ், நோஃபெயில் இரண்டும் சேர்ந்ததும் தீர்ந்தது.

நோஏசி, பார்வைக்கு வராத கோப்பு

நோஏசியை யார் எதற்குப் போட்டார்கள் என்று ஊகிக்க முடிந்தது. ஒரு கணினியில் உருவாக்கிய கோப்பு இன்னொன்றில் உடனே தெரிவதில்லை. கிளையன்ட், கோப்புகளின் அளவு, நேரம் போன்ற விவரங்களை 3 முதல் 60 விநாடி வரையும், ஃபோல்டர்களுடையதை 30 முதல் 60 விநாடி வரையும் நினைவில் வைத்துக்கொள்ளும். நோஏசி அந்த நினைவை அடியோடு எடுத்துவிடும். அதோடு நின்றால் பரவாயில்லை, எழுதுவதையும் ஒத்திசைவாக்கிவிடும். நிரல் ஒவ்வொரு முறை எழுதும்போதும் சர்வரின் பதில் வரும்வரை நின்றாக வேண்டும். ஆர்சைஸ் சரியான பிறகும் எழுதும் வேகம் ஏறாமல் கிடந்தது இதனால்தான். எடுத்த மாத்திரத்தில் பெரிய கோப்பு எழுதுவது விநாடிக்கு 110 மெகாபைட்டைத் தொட்டது. கிகாபிட் இணைப்பில் தலைப்புச் செலவெல்லாம் போக மிஞ்சுவது 117 மெகாபைட்டுக்கு அருகில்தான் என்பதால் அதற்கு மேல் எதிர்பார்க்க ஒன்றுமில்லை.

ஆனால் நோஏசி போனதும் பழைய குறை திரும்பியது. மேசைக் கணினியில் ஒரு ஸ்கிரிப்ட், 'முடிந்தது' என்ற பெயரில் ஒரு வெற்றுக் கோப்பு தோன்றுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். பேக்கப் கணினி அதை உருவாக்கி அரை நிமிடத்துக்கு மேல் ஆகியும் 'இல்லை' என்றே சொல்லிக்கொண்டிருந்தது. ஒருமுறை 'இல்லை' என்று வந்த பதிலையும் கிளையன்ட் கேஷில் வைத்துக்கொள்வதுதான் காரணம். ஃபோல்டர் விவரங்களை நினைவில் வைக்கும் நேரத்தின் கீழ், மேல் எல்லைகளான ஏசிடிர்மின், ஏசிடிர்மேக்ஸ் இரண்டையும் குறைத்துப் பார்த்ததில் குறை தீர்ந்தது, கூடவே தேவையில்லாத கோரிக்கைகளும் பெருகின. இந்தச் சிக்கலுக்கு அளவெடுத்துத் தைத்த ஆப்ஷன் லுக்கப்கேஷ்=பாசிட்டிவ். 'இருக்கிறது' என்ற பதில்களை நம்பும், 'இல்லை' என்பதை ஒவ்வொரு தடவையும் சர்வரிடம் கேட்டு உறுதிசெய்யும். அது போதும்.

உள்ளடக்கத்தைப் பொறுத்தவரை, ஒரு கணினி எழுதி மூடிய கோப்பை இன்னொன்று அதன் பிறகு திறந்தால் புதியதே கிடைக்கும். இது இயல்பாகவே இருக்கும் உத்தரவாதம். அதைக் கெடுப்பது நோசிடிஓ என்ற ஆப்ஷன். வேகத்துக்காகப் பரிந்துரைக்கப்படுவதைப் பார்க்கலாம். பலர் எழுதும் இடத்தில் அதைத் தொடவே கூடாது.

வேகத்துக்கென்று போட்டதும் எடுத்ததும்

என்கனெக்ட்=8 முயன்றது வீண். ஒரே சர்வருக்குப் பல டிசிபி இணைப்புகளைத் திறக்கும் இந்த ஆப்ஷன் கர்னல் 5.3-இல் வந்தது, உச்சம் 16. ஒற்றை கிகாபிட் கம்பியை ஒரே இணைப்பே நிரப்பிவிடும்போது எட்டு இணைப்புக்கு அங்கே வேலை இல்லை. 10 கிகாபிட்டும் அதற்கு மேலும் இருப்பவர்களுக்கு அது பயன்படும்.

ஜம்போ ஃபிரேம் இன்னும் மோசம். சர்வரிலும் பேக்கப் கணினியிலும் எம்டியூவை (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவை) 9000 ஆக்கியதும் மவுண்ட் ஆனது, எல்எஸ் வந்தது, சின்னக் கோப்புகள் திறந்தன. பெரிய கோப்பைத் தொட்டால் மட்டும் அப்படியே நின்றது. சந்தேகம் ஆர்சைஸ் மேல் போய், அதை 32768, 8192 என்று இறக்கிப் பார்த்ததில் ஒரு பொழுது போயிற்று. காரணம் நடுவில் இருந்த ஸ்விட்ச். அதில் 9000 இயக்கப்படவில்லை. இரு முனைகளும் பெரிய பாக்கெட்டுக்கு ஒப்புக்கொண்டுவிட்டன, நடுவில் இருப்பது அதைச் சத்தமில்லாமல் கொட்டிவிட்டது. ஆர்சைஸை 8192 ஆக்கினாலும் ஒரு பதில் 1500 பைட்டை மீறத்தான் செய்யும். கண்டுபிடிக்க ஒரே கட்டளை: 'பிங் -எம் டூ -எஸ் 8972'. துண்டாக்கக் கூடாது என்ற கொடியோடு 8972 பைட்டும் 28 பைட் தலைப்பும் சேர்ந்து 9000. பதில் இல்லை. 1472 கொடுத்தால் வந்தது. எம்டியூவை 1500-க்கே திருப்பியாயிற்று. கிகாபிட்டில் அதனால் இழந்தது சொற்பம்.

ஆயிரக்கணக்கில் சின்னக் கோப்புகளை எழுதுவது இன்னும் மெதுவாகத்தான் இருக்கிறது. ஒவ்வொரு கோப்புக்கும் உருவாக்கு, எழுது, மூடு என்று போய்வர வேண்டும், டிஸ்க்கில் பதிந்ததாகச் சர்வர் உறுதியும் சொல்ல வேண்டும். மவுண்ட் ஆப்ஷன் எதுவும் இதைக் குறைக்காது. எந்த ஃபோல்டரை யாருக்குத் தருவது என்று சொல்லும் சர்வரின் எக்ஸ்போர்ட்ஸ் கோப்பில் அசிங்க் (டிஸ்க்கில் பதியும் முன்பே பதில் சொல்லும் ஆப்ஷன்) போட்டால் பறக்கும், மின்சாரம் போனால் 'பதிந்தது' என்று சொன்ன கோப்புகள் காணாமல் போகும். போடவில்லை. சின்னக் கோப்புகளை முதலில் ஒரே டார் கோப்பாக்கி அனுப்புவதே இன்றைய ஏற்பாடு.

பதிப்பு 3-இலிருந்து 4.2-க்கு

இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். மூன்றாம் பதிப்புக்கு 111-ஆம் போர்ட், மவுண்ட்டி, லாக் சேவை என்று ஃபயர்வாலில் பல ஓட்டைகள் வேண்டும். நான்காவதுக்கு 2049 ஒன்றே போதும்.

மாற்றியதும் 'நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி'. சர்வரின் எக்ஸ்போர்ட்ஸில் யாரோ எஃப்எஸ்ஐடி=0 போட்டிருந்தார்கள். அது இருந்தால் நான்காம் பதிப்பில் அந்த ஃபோல்டரே வேராகிவிடும், கிளையன்ட் 192.168.1.20:/ என்றுதான் கேட்க வேண்டும். இப்போதைய லினக்ஸ் சர்வர்களுக்கு அது தேவையில்லை, எடுத்துவிட்டு 'எக்ஸ்போர்ட்எஃப்எஸ் -ஆர்ஏ' கொடுத்ததும் பழைய பாதையே வேலை செய்தது. அந்தக் கோப்பைத் திறந்த கையோடு இன்னொன்றையும் பார்ப்பது நல்லது: கிளையன்ட் முகவரிக்கும் அடைப்புக்குறிக்கும் நடுவே இடைவெளி விழுந்திருந்தால், அந்த அடைப்புக்குள் இருக்கும் அனுமதி அந்தக் கிளையன்டுக்கு அல்ல, ஊர் உலகத்துக்கே போய்விடும்.

நான்காம் பதிப்பில் பழக வேண்டிய ஒன்று, சர்வர் ரீஸ்டார்ட் ஆனபின் வரும் மௌனம். பிங் வரும், சேவை ஓடும், ஆனால் கோப்பு திறக்காது. முன்பு லாக் வைத்திருந்த கிளையன்டுகள் வந்து மீட்டுக்கொள்ள 90 விநாடி வரை சலுகை நேரம் உண்டு. அதற்குள் புதிதாகத் திறப்பவர்கள் காத்திருக்க வேண்டும். பொறுமையில்லாமல் மறுபடி ரீஸ்டார்ட் செய்தால் கணக்கு முதலிலிருந்து தொடங்கும்.

மூன்று வரிகள்

ஒரே வரியை மூன்று இடத்தில் ஒட்டியதுதான் முதல் தப்பு. சர்வர் காணாமல் போகும்போது இந்தக் கணினி என்ன செய்ய வேண்டும் என்ற கேள்விக்கு மூன்றுக்கும் வேறு வேறு விடை. இடமும் பாதையும் ஒன்றே என்பதால் ஆப்ஷன் புலம் மட்டும் கீழே.

பேக்கப் கணினி:
ஆர்டபிள்யூ,ஹார்டு,வெர்ஸ்=4.2,நோஃபெயில்

மேசைக் கணினி:
ஆர்டபிள்யூ,ஹார்டு,வெர்ஸ்=4.2,லுக்கப்கேஷ்=பாசிட்டிவ்,நோஃபெயில்,எக்ஸ்-சிஸ்டம்டி.ஆட்டோமவுண்ட்,எக்ஸ்-சிஸ்டம்டி.ஐடில்-டைம்அவுட்=600,எக்ஸ்-சிஸ்டம்டி.மவுண்ட்-டைம்அவுட்=15

லேப்டாப்:
ஆர்ஓ,சாஃப்ட்எரர்,டைமியோ=100,ரீட்ரான்ஸ்=2,வெர்ஸ்=4.2,நோஃபெயில்,எக்ஸ்-சிஸ்டம்டி.ஆட்டோமவுண்ட்,எக்ஸ்-சிஸ்டம்டி.ஐடில்-டைம்அவுட்=120,எக்ஸ்-சிஸ்டம்டி.மவுண்ட்-டைம்அவுட்=10

லேப்டாப் எழுதுவதில்லை, படிப்பது மட்டுமே. எழுதாத இடத்தில் சாஃப்டால் எதுவும் கெடாது. சாஃப்ட்எரர் அதே குணம்தான். பொதுவான இன்புட்/அவுட்புட் பிழைக்குப் பதில் 'நேரம் கடந்தது' என்று சொல்லும், டிஸ்க் போய்விட்டதோ என்று பதற வேண்டியதில்லை. லேப்டாப்பில் வைஃபை கடவுச்சொல் பயனர் கணக்கில் மட்டும் சேமிக்கப்பட்டிருந்தால் லாகினுக்கு முன் நெட்வொர்க்கே இருக்காது, அணைக்கும்போது மவுண்ட் இறங்குமுன் வைஃபை போய்விட்டு ஷட்டவுன் இழுக்கும். இணைப்பை எல்லாப் பயனர்களுக்கும் பொதுவாக மாற்றியதும் அது நின்றது.

சோதிக்கும்போது சர்வரில் என்எஃப்எஸ் சேவையை நிறுத்திப் பார்த்தால் மட்டும் போதாது. சேவை இல்லையென்றால் சர்வர் உடனே 'கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு' என்று பதிலாவது சொல்லும். கேபிளைப் பிடுங்கினால் எந்தப் பதிலும் வராது. டைம்அவுட் கணக்கெல்லாம் சோதனைக்கு வருவது இரண்டாவதில்தான். இரண்டையும், பெரிய கோப்பு ஒன்று பாதி போய்க்கொண்டிருக்கும்போது செய்து, முடிந்தபின் ஷா256 ஒப்பிட வேண்டும். பேக்கப் கணினியில் கேபிளை ஐந்து நிமிடம் பிடுங்கி வைத்துச் செருகியபோது நகல் விட்ட இடத்திலிருந்து ஓடி முடிந்தது, ஹாஷ் பொருந்தியது.

அடுத்த தடவை ஒரு முறைக்கு ஒரு ஆப்ஷன்தான் மாற்றுவேன், ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னும் பின்னும் 'என்எஃப்எஸ்ஸ்டேட் -எம்' வெளியீட்டைத் தேதியோடு ஒரு கோப்பில் வைப்பேன். கண்காணிப்பு ஸ்கிரிப்ட்களில் டிஎஃப் இருந்த இடமெல்லாம் 'டிஎஃப் -எல்' ஆகிவிட்டது. உள்ளூர் டிஸ்க்குகளை மட்டும் பார்க்கும், செத்த சர்வரின் வாசலில் போய் நிற்காது. மிச்சம் இருப்பது ஒன்று: மவுண்டுக்குள் இருந்த ஒரு எஸ்க்யூலைட் தரவுத்தளம். அதை உள்ளூர் டிஸ்க்குக்கு நகர்த்தி, சர்வருக்கு ராத்திரி நகல் மட்டும் போகும்படி மாற்ற வேண்டும்.